பிள்ளைகள் வேலையை வெறுக்கவில்லை

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் அணித் தலைவிகள், இளைஞர் அணி உறுப்பினர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. 2025 செப்டெம்பர்.)



காலையிலிருந்து பேசிய பலரும் ஒரே விசயத்தைத்தான் சொன்னார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் மலைக்கு வரமாட்டேன் என்கிறார்கள். உடம்பு வளையாது. போனும் கையுமாகத் திரிகிறார்கள். கொழும்பில் யாரோ ஒரு முதலாளிக்குக் கும்பிடு போடுவார்கள், பிறந்த தோட்டத்தில் கூடை தூக்க வெட்கப்படுகிறார்கள்." இப்படிச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தோட்டத்தில் ஆள் குறைகிறது, சங்கத்தில் அங்கத்தவர் குறைகிறார்கள், நாளைக்கு யார் இருப்பார்கள் என்ற கவலையில் சொல்கிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு.

ஆனால் அந்தப் பிள்ளைகளை நான் பத்தாம், பதினோராம் வகுப்புகளில் நாள்தோறும் பார்க்கிறவள். சோம்பேறிகள் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாது. புறக்கோட்டையில் காலை எட்டு மணிக்குக் கடைக் கதவைத் தூக்கி, இரவு ஒன்பதுக்கு இறக்கும்வரை நின்றபடி நிற்கிற பையன் சோம்பேறியா? கட்டுநாயக்காவில் காமன்ட் மெசினில் இரவு வேலை பார்க்கிற பிள்ளை சோம்பேறியா? வேலையை அவர்கள் வெறுக்கவில்லை. தோட்டத்தில் அந்த வேலையை வாங்குகிற விதம்தான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இதை நாம் விளங்கிக்கொண்டால் அவர்களோடு பேச வழி இருக்கிறது. விளங்கிக்கொள்ளாவிட்டால் அவர்களை ஏசிக்கொண்டே இருப்போம், அவர்களும் போய்க்கொண்டே இருப்பார்கள்.

பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள்?

சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் வகுப்புக்கு ஒரு கேள்வியை எழுதக் கொடுப்பது என் வழக்கம். "நீ போகும் வேலையில் என்னென்ன இருக்க வேண்டும்?" என்ன வேலை என்று எழுதத் தேவையில்லை. பெயரும் போடத் தேவையில்லை. அப்போதுதான் மனதில் உள்ளது வரும்.

சம்பளம் என்று எல்லோரும் எழுதுவார்கள். அதோடு சேர்த்து எழுதுவதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். "மாதம் முடிய எவ்வளவு வரும் என்று முதலிலேயே தெரிய வேண்டும்." "என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்." "சுகமில்லாத நாளில் லீவு கேட்டால் ஏசக் கூடாது." "பொம்பளப் பிள்ளைகளுக்கு டொய்லெட் இருக்க வேண்டும்." "பத்து வருசம் கழித்தும் அதே இடத்தில் நிற்கக் கூடாது." "வேலை போனாலும் வீடு போகக் கூடாது."

இதில் எது பேராசை, சொல்லுங்கள்? தலைவர்மாரே, இது முழுக்க ஒரு தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியல். 1931இல் நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று முதல் சங்கத்தை அமைத்த காலத்திலிருந்து நம் ஆட்கள் கேட்டு வந்ததும் இதைத்தான். 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்ட போராட்டம் நமக்குத் தெரியும். மாதச் சம்பளம் வேண்டும் என்று 1970களிலேயே நம் சங்கங்கள் கேட்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பதை 1984இல்தான் போராடி வாங்கினோம். பாட்டன் பாட்டி கேட்டதைத்தான் பேரப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டன் பாட்டிக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. இவர்களுக்குப் பஸ் இருக்கிறது.

சம்பளக் கணக்கு ஒன்று

சம்பளம் கூடினால் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று நினைக்கிறோம். சம்பளம் கூட வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. 2021இல் ஆயிரம் ரூபாவுக்காக எவ்வளவு பாடுபட்டோம். 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது. 1,700 என்ற பேச்சு 2025 செப்டெம்பரிலும் பேச்சாகவே இருந்தது. அந்தப் போராட்டத்தை நாம் விடப் போவதில்லை. ஆனால் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒரு கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

அந்த 1,350 ரூபாப்படி ஒரு தொழிலாளி மாதத்தில் 25 நாள் முழுப் பேர் போட்டால் 33,750 ரூபா. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,700 ரூபா கழியும். தோட்டம் தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், அது 4,050 ரூபா. நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 1,012 ரூபா 50 சதம். தொழிலாளியின் கணக்கில் தோட்டம் சேர்க்க வேண்டிய தொகை மட்டும் மாதம் ஐயாயிரத்துக்கு மேல்.

என்னிடம் படித்த ஒரு பையன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மாதம் 35,000. சாப்பாடும் படுக்க இடமும் முதலாளி பொறுப்பு. சேமலாப நிதி கிடையாது. நம்பிக்கை நிதி கிடையாது. நியமனக் கடிதம் கிடையாது. கணக்கைப் பார்த்தால், 25 நாள் வேலை கிடைக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனிடம் இதைச் சொன்னேன். அவன் சொன்ன பதில்: "டீச்சர், 25 நாள் தருவாங்கன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

எனக்குப் பதில் இல்லை. கொழுந்து குறைந்த மாதத்தில் 18 நாள் வேலை கிடைத்தால் 24,300 ரூபா. 2025இல் திருத்தப்பட்ட சட்டப்படி நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அந்த ஆண்டில் 27,000 ரூபாவாக இருந்தது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நம் ஆளின் கைக்கு அதுகூட வராத மாதம் உண்டு. கிலோ குறைந்தால் அரைப்பேர். மழை பெய்தால் எத்தனை மணிக்கு அனுப்புவார்கள் என்று தெரியாது. அந்தப் பையன் பார்ப்பது நாட்சம்பளத்தின் அளவை அல்ல, அதன் நிச்சயத்தை. மாதம் இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அவன் தங்கச்சியின் டியூசன் காசுக்குப் பொறுப்பேற்க முடியும், சீட்டுக் கட்ட முடியும், ஒரு போனைத் தவணைக்கு எடுக்க முடியும், கல்யாணத்தைப் பற்றி நினைக்க முடியும். தீபாவளி முற்பணத்தை வாங்கி அடுத்த தீபாவளிவரை கழித்த அப்பா அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன்.

தராசடியில் படிக்கிற பாடம்

அடுத்தது மரியாதை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். பிள்ளைகள் அதிகம் எழுதுவதும் இதைத்தான், நம் பேச்சுவார்த்தை மேசையில் ஒருநாளும் வராததும் இதுதான்.

நம் பிள்ளைகள் தோட்டத் தொழிலைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கவில்லை. தராசடியில் படித்தார்கள். பாடசாலை விட்டு வரும் வழியில் அம்மா கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்பதைப் பார்க்கிறார்கள். தண்ணீருக்கு என்று கழிக்கிறார்கள், சாக்குக்கு என்று கழிக்கிறார்கள், முற்றின இலை என்று கழிக்கிறார்கள். எவ்வளவு கழித்தோம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கிறார்களா? கேட்டால் நாளைக்கு நல்ல மலை கிடைக்காது என்று அம்மா பேசாமல் இருக்கிறாள். ஐம்பது வயது அம்மாவை இருபத்தைந்து வயது உத்தியோகத்தர் "ஏய், இங்க வா" என்கிறார். பக்கத்தில் பிள்ளை புத்தகப் பையோடு நிற்கிறது. அந்த இடத்திலேயே அது முடிவு எடுத்துவிடுகிறது.

ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "கடையில் வேலை என்றால் உன் பெயர் என்ன என்று கேட்பார்கள். தோட்டத்தில் வேலை என்றால் எந்த டிவிசன் என்று கேட்பார்கள்." பதினாறு வயதுப் பிள்ளை எழுதியது. செக்ரோலில் நமக்கு இலக்கம் இருக்கிறது. பெரட்டுக்களத்தில் நாம் தலைக் கணக்கு. பெயரோடு ஓர் ஆளாக வாழ வேண்டும் என்பதுதான் அவள் கேட்பது.

2023இல் மலையகம் 200ஐ முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் நடந்தார்கள். "மாண்புமிகு மலையக மக்கள்" என்று அதற்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். நடந்தவர்களில் எத்தனை இளைஞர்கள். நடக்க மாட்டார்கள், வெயில் தாங்க மாட்டார்கள் என்று நாம் சொல்லும் அதே பிள்ளைகள். மாண்பு என்ற சொல்லுக்காக நடந்தார்கள். அந்தச் சொல் பெரட்டுக்களத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தங்கைமார் சொல்வதையும் கேளுங்கள். மலையில் டொய்லெட் இல்லை. காலையில் போனால் மத்தியானம்வரை, சில இடங்களில் மாலைவரை, அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீரே குடிக்காமல் மலைக்குப் போகும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள், தலையாட்டுகிறீர்கள். மாதவிலக்கு நாட்களில் படங்கைக் கட்டிக்கொண்டு மழையில் நிற்கும் கஷ்டத்தை ஆண் தலைவர்கள் ஒரு கோரிக்கையாக எழுதினோமா? காமன்டில் ஆயிரம் குறை இருக்கிறது. அங்கே டொய்லெட் இருக்கிறது, சாப்பிட மேசை இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது பெரிய விசயம். அட்டை, குளவி, சறுக்குப் பாதை எல்லாம் தொழிலோடு வந்தவை என்று நாம் பழகிவிட்டோம். குளவி கொட்டி நம் ஆட்கள் செத்திருக்கிறார்கள். பழக வேண்டிய அவசியம் தங்களுக்கு இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதில் என்ன பிழை?

ஏணியும் வீடும்

இருபது வயதில் கொழுந்தெடுக்கச் சேரும் ஒரு பெண், முப்பது வருசம் கழித்து விலகும்போதும் கொழுந்தெடுப்பவள்தான். அவள் விரல்களுக்குத் தெரிந்தது தேயிலை ஆராய்ச்சி செய்பவருக்குக்கூடத் தெரியாது. எந்தத் தூரில் எப்போது கை வைக்கலாம், எதை விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டுகிற ஆளின் கைத்திறனும் அப்படித்தான். ஆனால் அந்தத் திறமைக்கு ஒரு சான்றிதழ் இல்லை, ஒரு படி உயர்வு இல்லை. தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் மலையில், பெண் கங்காணியைப் பார்ப்பதே அபூர்வம்.

கொழும்பில் ஹோட்டலில் கோப்பை கழுவச் சேர்ந்த பையன் ஐந்து வருசத்தில் சமையலுக்கு வருகிறான், பிறகு கடல் தாண்டுகிறான். எல்லோரும் அப்படி வருவதில்லை. ஆனாலும் வழி ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. தோட்டத்தில் படி எங்கே? உயர்தரம் படித்த பிள்ளை கணக்கப்பிள்ளை வேலைக்கு, தொழிற்சாலை உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தால், அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர் என்பதற்காக முதலிடம் கிடைக்கிறதா? படித்துவிட்டு மலைக்கு வந்த ஓரிரண்டு பிள்ளைகளை நாம் எப்படி நடத்துகிறோம்? "படிச்சு என்னத்தக் கிழிச்ச, கடைசியில இங்கதானே வந்த" என்று லயத்து வாசலில் கேட்பது துரை இல்லை. நாம்தான் கேட்கிறோம்.

வீட்டு விசயம் எல்லோருக்கும் தெரிந்தது. லயக் காம்பரா வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வீட்டில் ஒருவராவது செக்ரோலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவுக்கு ஆபத்து என்ற பயம் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தில் முழங்கால் வலியோடு அம்மா மலை ஏறுகிறாள், பிள்ளை கொழும்பில் நிற்கிறது. ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் உண்டு, ஆனால் காத்திருப்பவர்கள்தான் அதிகம். ஒழுங்கான முகவரி இல்லாததால் நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, நாள் கழிந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர். சொந்த உறுதியும் சொந்த முகவரியும் உள்ள வீட்டிலிருந்து ஒரு பிள்ளை தோட்ட வேலைக்குப் போகலாம், போகாமலும் விடலாம். அந்தத் தெரிவு கையில் இருக்கும்போதுதான் அந்த வேலையை யோசித்துப் பார்க்கவே அவர்களுக்கு மனம் வரும்.

கொழும்பில் கிடைக்கிறதா?

இப்போது கதவோரத்தில் நிற்கிற தம்பி தங்கைகளே, உங்களோடு பேசுகிறேன். இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். இனிமேலும் உங்கள் பக்கம்தான், ஆனால் கொஞ்சம் கசக்கும்.

மரியாதை தேடிப் போகிறீர்கள். அங்கே "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் கேட்காதவர் யார்? நேரம் தேடிப் போகிறீர்கள். ஷட்டரை இறக்கிவிட்டு அதே கடையின் மேல்மாடியில் பெட்டிகளுக்கு நடுவில் படுக்கிறீர்கள். அடையாள அட்டையை முதலாளி வாங்கி வைத்துக்கொள்கிறார். சொல்லாமல் வீட்டுக்கு வந்தால் அந்த மாதச் சம்பளம் போச்சு. லயத்தை விட்டுப் போனாலும், வேலை போனால் படுக்கை போகும் என்ற நிலை அங்கேயும் அதேதான்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. வருசத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் சாதாரண லீவு. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே போட வேண்டும். "ஆறு மாதம் போகட்டும், பிறகு பார்ப்போம்" என்பது சட்டத்தில் இல்லாத பேச்சு.

அந்தப் பையனின் கணக்கைத் தொடர்ந்து பார்ப்போம். 35,000 ரூபாவுக்கு முதலாளி போட வேண்டிய 12 வீதம் 4,200. நம்பிக்கை நிதி 3 வீதம் 1,050. மாதம் 5,250 ரூபா அவனுக்குத் தெரியாமலே போகிறது. வருசத்துக்கு 63,000. ஐந்து வருசத்துக்கு 315,000, வட்டி சேர்க்காமலே. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருந்தால், ஐந்து வருசம் முடித்து விலகும்போது வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று சேவைக்காலப் பணமும் சேர வேண்டும். அது 87,500. கூட்டினால் நான்கு இலட்சத்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. ஒரு முச்சக்கர வண்டிக்கு முற்பணம் கட்டலாம், அக்காவின் கல்யாணத்துக்குத் தோள் கொடுக்கலாம். "சாப்பாடும் இடமும் இலவசம்" என்று சொல்கிற இடத்தில் அந்த இலவசத்துக்கு நீங்கள் கொடுத்த விலை இது.

ஆகவே போகாதே என்று சொல்ல மாட்டேன். போ. ஆனால் நான்கு கேள்வி கேட்டுவிட்டுப் போ. கடிதம் தருவீர்களா? சம்பளத் துண்டு தருவீர்களா? சேமலாப நிதி இலக்கம் எப்போது? லீவு நாள் எது? கேட்டவுடன் முகம் மாறுகிற முதலாளியிடம் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அவரைப் பற்றித் தெரிந்துகொண்டாய். அடையாள அட்டையை ஒருவர் கையிலும் விட்டு வைக்காதே. பிரதி கொடு, போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதினாறு வயதுக்கு முன் பிள்ளையை வேலைக்கு அனுப்புவது சட்ட விரோதம். யாரோ தெரிந்தவர் வந்து, பெரிய வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் லேசான வேலை என்று முற்பணம் நீட்டினால், அந்தக் காசைத் தொடாதீர்கள். வீட்டு வேலைக்கு அனுப்பிய பிள்ளைகளின் கதை எப்படி முடிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

பங்கு முறை பற்றி

சில கம்பனிகள் இப்போது புது முறை ஒன்றைக் கொண்டுவருகின்றன. தேயிலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, எடுக்கிற கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. வெளியாள் உற்பத்தி முறை என்று சொல்கிறார்கள். நம் இளைஞர்கள் சிலருக்கு இது பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "பெரட்டு இல்ல டீச்சர். கங்காணி பின்னால நிக்க மாட்டார். நாம நினைச்ச நேரம் போகலாம்." மறுபடியும் பாருங்கள், அவர்கள் முதலில் சொல்வது காசை அல்ல, சுதந்திரத்தை.

அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டு அவர்கள் பெயரில் எழுதப்படுகிறதா? இல்லை. தொழிலாளி என்ற பெயர் தொடருமா? தொடராவிட்டால் சேமலாப நிதி நிற்கும், சேவைக்காலப் பணம் நிற்கும், பிரசவ லீவுச் சம்பளம் நிற்கும். உரத்தின் விலை கூடினால் யார் தலையில் விழும்? காணி உரிமையும் இல்லாமல், தொழிலாளி உரிமையும் இல்லாமல் நடுவில் நிற்கக் கூடாது. ஒன்று காணியை எழுதிக் கொடு, இல்லாவிட்டால் தொழிலாளியாக வைத்து அதற்குரியதைக் கொடு. சங்கம் இதில் உறுதியாக நிற்க வேண்டும். அதேநேரம், பெரட்டும் ஏச்சும் இல்லாத வேலை வேண்டும் என்ற அந்த ஆசையைச் சங்கம் தன் கோரிக்கையாகவும் எடுக்க வேண்டும். நாம் எடுக்காவிட்டால் கம்பனி அதைத் தூண்டிலில் புழுவாகக் குத்தி நீட்டும்.

சங்கம் என்ன செய்யலாம்?

2021க்குப் பிறகு கூட்டு ஒப்பந்தம் இல்லை. சம்பளம் சம்பள நிர்ணய சபையில் பேசப்படுகிறது. அங்கே பேசுவது ரூபாக் கணக்கு. பழைய ஒப்பந்தத்தில் இருந்த மற்ற விசயங்களை எங்கே பேசுவது? மறுபடியும் ஒப்பந்தம் என்று மேசைக்குப் போகும் நாளுக்காக, பிள்ளைகள் எழுதியதை நான் கோரிக்கையாக மாற்றிச் சொல்கிறேன்.

மாதத்துக்கு இத்தனை நாள் வேலை அல்லது அதற்குரிய சம்பளம் என்ற எழுத்து உத்தரவாதம். தராசு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், நிறுத்த கிலோவும் கழித்த கிலோவும் துண்டில் வர வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் டொய்லெட்டும் மழைக்கு ஒதுங்க ஒரு கூரையும். தொழிலாளியை "நீ, வா, போ" என்று கூப்பிடுவது ஒழுக்க மீறல் என்று எழுதப்பட வேண்டும். மேற்பார்வை, தொழிற்சாலை, அலுவலக வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியோடு முதலிடம். அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழி என்.வி.கியூ முறையில் இருக்கிறது, அதைக் கொழுந்தெடுப்பவருக்கும் கவ்வாத்து வெட்டுபவருக்கும் கொண்டுவர வேண்டும். சான்றிதழ் உள்ளவருக்குச் சம்பளத்தில் ஒரு படி கூட.

இதெல்லாம் கம்பனியிடம் கேட்பது. நாமே செய்யக்கூடியவை சில இருக்கின்றன, அவற்றுக்கு எவர் கையெழுத்தும் தேவையில்லை.

ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் முப்பது வயதுக்குக் குறைந்த இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். நாற்காலி தூக்குவதற்கும் கொடி கட்டுவதற்கும் அல்ல. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கூட உட்காருவதற்கு. துரையின் அலுவலகத்தில் நின்றுகொண்டு பேசும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் நிற்க மாட்டார்கள், உட்கார நாற்காலி கேட்பார்கள். கேட்கட்டும்.

இரண்டு, வெளியே போகும் பிள்ளைகளைச் சங்கம் கைவிடக் கூடாது. செக்ரோலில் பெயர் இல்லை, சந்தா கழிக்க முடியாது என்று நம் கணக்கிலிருந்து அழித்துவிடுகிறோம். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம் என்று சட்டம் சொல்கிறது. ஒரு தோட்டத்திலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் ஏழு பேர்தானா? யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் கூடுகிற இடத்துக்குச் சங்கத்தின் ஆள் ஒருவர் போகட்டும். சம்பளம் தராத முதலாளிக்கு எதிராகத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுத ஒரு பிள்ளைக்கு உதவினால், அவனுடைய வீட்டில் மூன்று பேர் சங்கத்தை நம்புவார்கள்.

மூன்று, பரீட்சை முடிந்து பிள்ளைகள் கலைந்து போவதற்கு முன், பாடசாலைக்கு ஒரு பாடவேளை தாருங்கள் என்று அதிபரிடம் கேட்போம். சேமலாப நிதி என்றால் என்ன, சம்பளத் துண்டை எப்படி வாசிப்பது, லீவுச் சட்டம் என்ன, அட்டனில் இருக்கும் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் என்ன படிக்கலாம். நாற்பது நிமிடம் போதும். எங்கள் பாடசாலையில் நான் செய்கிறேன். மற்றப் பாடசாலைகளுக்கும் வரத் தயார், பஸ் காசு மட்டும் தாருங்கள்.

நிறைவாக, பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடமோ பேரப் பிள்ளையிடமோ நான் வகுப்பில் கேட்கிற அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். "எங்க காலத்துல" என்று தொடங்காதீர்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் வரும் தாள்களைச் சேர்த்து நான் தொகுத்துத் தருகிறேன். அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தலைவரின் பையில் அது இருக்கட்டும்.

தம்பி தங்கைகளே, கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். முன்னால் இந்த மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயரை எழுதிவிட்டுப் போங்கள். டிவிசன் தேவையில்லை, பெயர் போதும்.